கடைசி 10 வரி

அன்பு செந்தில்,

கடிதமும் அதோடு நீ அனுப்பிய சி புரோகிராமும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம்.

ஃபைலை ஒருமுறை முழுக்கப் படித்து வரிகளை எண்ணுகிறாய். மறுபடி முதலிலிருந்து படித்துக் கடைசி 10 வரியை அச்சிடுகிறாய். விடை சரிதான். ஆனால் 4 ஜிபி லாக் ஃபைலில் 10 வரிக்காக 8 ஜிபி படிப்பது அநியாயம். ஃபைலில் வேண்டிய இடத்துக்குத் தாவும் எல்சீக் போட்டு முடிவுக்குப் போய், அங்கிருந்து பின்னால் வா. அதற்காக ஒவ்வொரு பைட்டாக நகராதே, பைட்டுக்கு இரண்டு சிஸ்டம் கால் (இயங்குதளத்தைக் கூப்பிடுவது) ஆகிவிடும். 4096 பைட் துண்டுகளாக எடு. ஃபைல் 10,000 பைட் என்றால் முதலில் 8192இலிருந்து மிச்சம் 1808, அடுத்து 4096இலிருந்து ஒரு முழுத் துண்டு, பிறகு 0இலிருந்து. ஃபைல் அளவை 4096ஆல் வகுத்து மிச்சம் 0 என்று வந்தால் 4096 என வைத்துக்கொள்.

பெரும்பாலும் சறுக்குவது எண்ணிக்கையில்தான். ஃபைலின் கடைசி பைட் நியூலைனாக (வரி முடிவைக் காட்டும் பைட்) இருந்தால் அது கடைசி வரியின் முடிவு; அதை எண்ணாதே. எண்ணினால் 10 கேட்டவனுக்கு 9 வரிதான் கிடைக்கும். அதை விட்டுவிட்டுப் பின்னால் வரும்போது 10ஆவது நியூலைன் எங்கே அகப்படுகிறதோ, அதற்கு அடுத்த பைட்டிலிருந்து அச்சிடு. அகப்படாமலே ஃபைலின் தொடக்கமான 0 வந்துவிட்டால் முழு ஃபைலையும் அச்சிடு. 0 வரி கேட்டால் லூப்புக்குள் நுழையாமலே திரும்பிவிடு, இல்லையென்றால் மொத்த ஃபைலும் கொட்டும்!

தமிழ் ஃபைலில் துண்டு ஓர் எழுத்தின் நடுவே வெட்டுமே என்று கேட்டிருந்தாய். எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். அவற்றுள் நியூலைனின் மதிப்பான 10 வரவே வராது. கவலை வேண்டாம். யூடிஎஃப்-16 என்றால் கதை வேறு: குஜராத்தி, குர்முகி எழுத்து ஒவ்வொன்றிலும் அந்த பைட் உட்கார்ந்திருக்கும்.

பைப்பில் (வேறொரு புரோகிராமின் வெளியீடு நேரே வரும் வழி) எல்சீக் செல்லாது. அங்கே 10 பாயின்டர் (நினைவகத்தில் வரி இருக்கும் இடத்தின் முகவரி) கொண்ட வட்ட வரிசைதான் வழி. வரி எண்ணை 10ஆல் வகுத்த மீதியே கட்டம். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தரும் கெட்லைனை நேரே கட்டத்துக்குள் படிக்க விடாதே. முடிவில் மைனஸ் 1 தரும் அழைப்பு மிகப் பழைய வரியின் கட்டத்தில்தான் விழும். அந்த வரி பிழைக்கும் என்று நம்ப முடியாது. தனி பாயின்டரில் வாங்கி, வரி வந்தால் மட்டும் இடம் மாற்று. பாயின்டரோடு அதன் கொள்ளளவையும் சேர்த்து மாற்ற மறக்காதே.

காலி ஃபைல், கடைசி நியூலைன் இல்லாத ஃபைல், சரியாக 4096 பைட் ஃபைல் மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
குமார்