ரோசாப்பூ டீ குடிச்ச கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சொகம். அம்மாவுக்கு முட்டுவலி இப்போ தேவலை.

சித்தப்பா மகன் கையில நீ குடுத்துவிட்ட ரோசாப்பூ டீ டப்பா வந்து சேந்துச்சு. ஒரு உண்மையச் சொல்லிருதேன், வையாத. முதல் நாளே அதை நான் கெடுத்துட்டேன். முப்பது வருசம் டீக்கடை பாய்லர் முன்னால நின்ன கை சும்மா இருக்குமா? மூணு கரண்டி அள்ளிப் போட்டு, பாலை ஊத்தி, கொதிக்க விட்டு, சீனியப் போட்டு, ஒரு முழ உயரத்துக்கு ஆத்தி அம்மாட்ட நீட்டினேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "ஏங்க, ரோஸ்மில்க்க யாரும் சுட வச்சிட்டாங்களா?"ன்னு கேட்டா. நானும் குடிச்சுப் பாத்தேன். ரோஸ்மில்க்குலயாவது ரோஸ் இருக்கும்.

கடையில நாம போட்டது டஸ்ட் டீ. இலைய நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டுத மெஷின்ல வந்த தூசி. பாலையும் சீனியையும் தாங்கி நிக்கும். நீ அனுப்புனது முழு இலை. உள்ளங்கையில போட்டா கறுப்பா முறுக்கிக்கிட்டு, ஊடால காஞ்ச இதழ் ஒண்ணு ரெண்டு கெடக்கு. இதழ் பாதி அழகுக்குத்தான். சீனாவுல ரோசாப்பூவையும் டீ இலையையும் சேத்துப் பரப்பி வச்சு, இலையில வாசத்த ஏத்துதாங்க. டீ இலை பக்கத்துல எது இருந்தாலும் அதை இழுத்துக்கிடும். நம்ம கடையில சுக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்துல வச்ச தூளு முழுக்க சுக்கு வாடை அடிச்சுதே, ஞாபகம் இருக்கா? அதனால உன் டப்பாவ பெருங்காயம் இருக்குத அலமாரியில வைக்காத.

மல்லிகைய மொட்டாப் பறிச்சு, ராத்திரி அது விரியும்போது டீயில கலப்பாங்கன்னு நீ சொன்னயில்லா, நானும் அரை முழம் பிச்சிப்பூவ உதுத்து டீயில போட்டு மூடி வச்சேன். காலையில பூவ எடுக்க மறந்துட்டேன். மூணாம் நாள் திறந்தா அழுகுன மாலை நாத்தம். அம்மா டப்பாவோட வெளிய கொண்டு போயிட்டா.

இப்போ பழகிட்டேன். தண்ணி நல்லாக் கொதிச்சதும் இறக்கிருதேன். ஒரு தம்ளருக்கு ஒரு சின்ன கரண்டி இலை. தட்டப் போட்டு மூடிருதேன், ஏன்னா ஆவியோடதான் வாசம் போகுது. மூணு நிமிசத்துல வடிகட்டிரணும், விட்டா துவர்ப்பு ஏறி நாக்கப் பிடிக்கும். பால் கெடையாது, சீனி கெடையாது. கருப்பட்டி போட்டுப் பாத்தேன், கருப்பட்டிதான் மணக்குது. முக்கியமா, ஆத்தவே கூடாது! ஆத்துததே தொழிலா இருந்த ஆளுக்கு அதுதான் கஷ்டம். தம்ளர கையில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன். கொஞ்சம் ஆறுனதும்தான் ரோசா எந்திரிச்சு வருது. அதே இலையில ரெண்டாந்தண்ணி ஊத்தலாம், ஒரு நிமிசம் கூடுதலா விட்டா போதும். கடையில ரெண்டாந்தண்ணி ஊத்துனா அடிக்க வருவானுவ.

மாஞ்சோலை தேயிலை எஸ்டேட் ஆளு ஒருத்தர் கடைக்கு வருவாரே, 1929-ல சிங்கம்பட்டி ஜமீன் 99 வருசக் குத்தகைக்கு விட்ட காட்டுல வேலை பாத்தவரு. வெந்நியில இலையப் போட்டு வெறுமனே குடிப்பாரு. "பூ வாசம் வருது பாரும்"பாரு, நான் சிரிப்பேன். ரோசாவுல இருக்குத ஜெரானியால்ங்குத வாசச் சரக்கு டீ இலையிலயே இருக்குன்னு நீ போன்ல சொன்ன அன்னைக்கு அவரு ஞாபகம் வந்துச்சு.

உன் லண்டன் கெட்டில்ல வெள்ளையாப் படியுதுன்னயே, அது தண்ணியில இருக்குத சுண்ணாம்பு. நம்ம போர் தண்ணியும் அப்படித்தான். அதுல போட்டா டீ மங்கிப் போயி மேல ஆடை மாதிரி கெட்டும். தாமிரபரணி தண்ணியில போட்டா நிறமே தெளிஞ்சு நிக்கு. நீ பில்டர் தண்ணியில போட்டுப் பாரு.

கூடத் திங்கதுக்கு அல்வா வேண்டாம், நெய் வாசம் எல்லாத்தையும் அமுக்கிரும். நான் ரெண்டு ரஸ்க்கோட நிறுத்திக்கிடுதேன்.

எனக்குன்னு இன்னொரு டப்பா வாங்கி வச்சிருக்கேன்னு சொன்னியே, அதை நீயே பிரிச்சுக் குடி. இருக்க இருக்க வாசம் இறங்கிப் போகும். பொங்கலுக்கு வரும்போது புதுசா ஒண்ணு வாங்கிட்டு வா.

அப்பா