வீட்டுத் தோட்டப் பணி குறித்துப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்பருவம் இனிதே நிறைவடைகிறது. விளையாட்டு, பேச்சு, ஓவியம் எனப் பல போட்டிகளில் நம் மாணவர்கள் பங்கேற்றுப் பரிசுகள் பெற்றுள்ளனர். தேர்வு முடிவுகளும் மனநிறைவு தருகின்றன. அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்து, மாணவர்களுக்கு வழங்கப்பட்ட வீட்டுத் தோட்டப் பணியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. வீட்டில் இருப்பதைக் கொண்டு, இயன்றவரை செலவின்றி, விதையிலிருந்து ஒரு செடியை மாணவரே வளர்க்க வேண்டும் என்றுதான் அறிவித்திருந்தோம். ஆனால் பார்வைக்கு வந்தவற்றுள் கணிசமானவை, பூத்துக் குலுங்கும் நிலையில் விலைக்கு வாங்கப்பட்ட செடிகளாகவும் பளபளக்கும் பீங்கான் தொட்டிகளாகவும் இருந்தன; ஒரு தொட்டியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. தங்கள் பிள்ளைகளின் மீதுள்ள அக்கறையால்தான் இவ்வாறு செய்தீர்கள் என்பதை அறிவோம். எனினும், அவற்றைப் பார்த்த வேறு சில பெற்றோர்கள், தாங்களும் அவ்வளவு செலவிட வேண்டுமா என்று தயக்கத்துடன் கேட்டுச் சென்றது வருத்தமளித்தது.

செலவிட வேண்டியதில்லை. உடைந்த வாளியோ பழைய எண்ணெய் டின்னோ போதும். அடியில் நான்கைந்து துளைகள் இருந்தால் நீர் தேங்காது, வேர் அழுகாது. பூச்சிமருந்து, பெயின்ட் இருந்த டப்பாக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தோட்ட மண்ணுடன் மட்கிய உரத்தையும் சிறிது மணலையும் கலந்துகொள்ளலாம். சமையலறையில் இருக்கும் வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் சில நாள்களில் முளைக்கும். மூன்று நான்கு வாரங்களில் கீரையாகக் கிள்ளலாம். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். புதினாத் தண்டு தண்ணீரிலேயே வேர் பிடித்துவிடும். காய்கறிச் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். கீரைகள் அதைவிடக் குறைவான வெயிலிலும் வளரும். பெரும்பாலான நாற்றுகள் வாடியதற்கு நீர்க்குறைவைவிட அளவுக்கு மீறிய நீரே காரணமாக இருந்தது. விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் பிள்ளைகளை ஊற்றச் சொல்லுங்கள். தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் கொசு உற்பத்தியாகும் என்பதால் அதை அவ்வப்போது கொட்டிவிடுவது அவசியம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அடுத்த பருவத்தில் விலைக்கு வாங்கிய செடிகளும், பெற்றோர் எழுதிய பதிவேடுகளும் மதிப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டா. இதில் எவருக்கும் விதிவிலக்கு இல்லை. விதைத்த நாள், முளைத்த நாள், இலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாணவர் தம் கையெழுத்தில் குறித்திருந்தால், செடி பட்டுப்போயிருந்தாலும் முழு மதிப்பெண் உண்டு. கையெழுத்து யாருடையது என்பதை வகுப்பாசிரியர்கள் நன்கு அறிவார்கள்.

வெயில் விழாத வீடுகளில் வசிப்போர் தயங்காமல் தெரிவித்தால், பள்ளித் தாழ்வாரத்தில் இடம் ஒதுக்கித் தரப்படும். பழைய வாளிகளையும் விதைகளையும் பிற மாணவர்களுக்கென மனமுவந்து கொடுத்தனுப்பிய பெற்றோர்களுக்கும், இப்பணியில் தொடர்ந்து துணைநிற்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்