பாரிசவாதம்: மற்றக் கையையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

பாரிசவாதம் வந்தவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர் பலரும் சொல்வது ஒன்றுதான்: "மற்றக் கை சுகமாத்தானே இருக்கு, அதால சாப்பிடலாம்தானே." அந்த மற்றக் கையும் முழுச் சுகம் இல்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

என் அப்பாவுக்கு வலப்பக்கம் இழுத்துவிட்டது. இடக்கையில் கரண்டியைப் பிடிக்கிறார், பலம் இருக்கிறது, ஆனால் கரண்டி நேரே வாய்க்குப் போகாமல் வளைந்து வளைந்து போய் சொதி எல்லாம் சாரத்தில் ஊற்றுப்படுகிறது. பார்க்கிறவர்கள் பஞ்சி என்கிறார்கள், இல்லையென்றால் இடக்கையால் சாப்பிட வெட்கப்படுகிறாராம். இரண்டும் இல்லை.

மூளையின் இடப்பாதி வலக்கையையும் வலப்பாதி இடக்கையையும் இயக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சரி, ஆனால் கதை அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரொபேர்ட் செயின்பேர்க் இதைப் பல வருடமாக ஆராய்ந்தவர். வலக்கைப் பழக்கக்காரருக்கு இடக்கை மட்டமான கை அல்ல, அதன் வேலை வேறு என்கிறார். வலக்கை, அசைவை முன்கூட்டியே கணக்குப் பார்த்து நேராகக் கொண்டுபோகும். இடக்கை, எதிர்பாராமல் ஒன்று தள்ளினாலும் நின்ற இடத்தில் நிற்கும். தேங்காய் உடைக்கும்போது பாருங்கள், கத்தியை வீசுவது வலக்கை, அடி விழ விழத் தேங்காயை ஆடவிடாமல் தாங்குவது இடக்கை.

மூளையின் ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கெட்டித்தனம், ஆனால் இரண்டு கைக்கும் இரண்டும் தேவை. அதனால்தான் அப்பாவைப் போல மூளையின் இடப்பாதி பழுதாகி வலப்பக்கம் இழுத்தவருக்கு இடக்கையின் போக்கும் கோணுகிறது. வலப்பாதி பழுதானவருக்கு வலக்கை நேராகத்தான் போகும், ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் சரியாக நிற்காது.

நாங்கள் போகிற இடத்தில் பயிற்சி எல்லாம் விழுந்த கைக்குத்தான். அது கட்டாயம் வேண்டும். ஆனால் விழுந்த கை திரும்பாதவர்கள் மிச்சக் காலம் முழுக்க மற்றக் கையை நம்பித்தானே உடுக்கவும் சாப்பிடவும் வேண்டும்? பயிற்சி கொடுக்கிறவர்கள் அந்தக் கைக்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், கோப்பை எடுத்து வைக்க, பொத்தான் பூட்ட. முதலில் எந்தக் கைப் பழக்கக்காரர் என்றும் கேளுங்கள். வீட்டுக்காரர் ஏசாமல், அவசரப்படுத்தாமல், அடி அகலமான கோப்பையில் அரைவாசி தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்.

வாசகி,
சுன்னாகம்