தரைநிலையத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு விடிகாலையில், கோவையில் எங்கள் துறைக் கட்டட மொட்டை மாடியில், செயற்கைக்கோள் சிக்னல்களைப் பிடிக்க நாம் அமைத்த தரைநிலையத்தின் ஆன்டெனா மெல்லத் திரும்பி வடக்கு அடிவானத்தைப் பார்த்து நின்றது. இரண்டு நிமிடம் வெறும் இரைச்சல். அப்புறம் கணினித் திரையில் மெல்லிய கோடு ஒன்று வளைந்து வளைந்து வந்தது. ஃபன்கியூப்-1! 2013 நவம்பரில் ஏவப்பட்ட, பத்து சென்டிமீட்டர் கனசதுரச் செயற்கைக்கோள். அது அனுப்பும் சிக்னல் வெறும் 300 மில்லிவாட், டார்ச் பல்பின் சக்திகூட இல்லை. அதன் பேட்டரி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது எங்கள் திரையில் எண்ணாக விழுந்ததும் மாணவிகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். 2009-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போன நாளிலிருந்து எனக்கிருந்த ஆசை இது.

முதல் நன்றி, பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசும் நம் ஹாம் ரேடியோ ஐயாவுக்கு. மூன்று மாதம் எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரைக் கீழே அறைக்குள் வைத்து, முப்பது மீட்டர் சாதாரண கேபிள் இழுத்திருந்தோம். ஐயா கேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலயே முக்கால்வாசி சிக்னலை இது குடிச்சிருமுங்க, 435-ல கேக்கவே வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை மேல ஆன்டெனாகிட்ட வைங்க" என்றார். அடுத்த வாரம் தன் வீட்டிலிருந்த தடித்த கேபிளையே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். 2005-இல் இஸ்ரோ ஏவிய ஹாம்சாட் செயற்கைக்கோள் வழியாக, யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்தபடி பேசியவர் அவர். எங்கள் பிள்ளைகளை அமெச்சூர் (ஹாம்) ரேடியோ உரிமத் தேர்வுக்குத் தயார் செய்ததும் அவர்தான்.

கணபதி பகுதி லேத் பட்டறை அண்ணாவுக்கு என்ன சொல்வது! ஆன்டெனாவின் முன்பக்கம் கனமாக இருந்ததால், மேலும் கீழும் தூக்கும் மோட்டார் திணறி, பல்சக்கரம் தேய்ந்துபோனது. அண்ணா எந்தக் கணக்கும் போடவில்லை. ஆன்டெனாவை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, முடிச்சை ஒரு விரலளவு, அரை விரலளவு என்று நகர்த்தினார். அது தராசு முள் மாதிரி அசையாமல் நின்றதும் அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். வால் பக்கத்துக்கு ஓர் எடையும், பித்தளையில் புதுப் பல்சக்கரமும் கடைந்து தந்தார். கூலி வாங்கவே இல்லை. ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தும் அந்தக் கோட்டிலிருந்து ஆன்டெனா இம்மியும் நகரவில்லை.

எலக்ட்ரீசியன் அண்ணா கரியும் உப்பும் போட்டு எர்த் குழி தோண்டினார். மாடி எல்.இ.டி. விளக்கிலிருந்து வந்த இரைச்சலைக் கண்டுபிடித்து மாற்றியதும் அவரே. நன்றி அண்ணா.

செயற்கைக்கோளுக்கு நம் கல்லூரி நேரம் தெரியாது. தலைக்கு மேல் கடந்துபோக மிஞ்சினால் பத்துப் பதினைந்து நிமிடம். அது வரும் நேரம் விடிகாலை நாலரையாகவும் இருக்கும். இரவுக் காவலர் தாத்தா ஒருநாள்கூட முகம் சுளிக்காமல் மாடிச் சாவியோடு காத்திருந்தார். மழைக்காலத்தில் சுக்குக் காப்பியும் கிடைத்தது. சிக்னல் வந்த அன்று அவரையும் திரைமுன் உட்காரவைத்தோம். "இத்தனூண்டு பொட்டியா இவ்வளவு தூரத்திலிருந்து பேசுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஐப்பசி மழைக்கு முன் 435 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவையும் ஏற்றுகிறோம். லேத் அண்ணா, அதற்கும் நீங்கள்தான் கயிறு கட்டி எடை பார்க்க வேண்டும். சாக்பீஸ் எடுத்து வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தரைநிலையக் குழுவின் சார்பில், உங்கள் பேராசிரியை