தண்ணிக்கு அடியில் இருப்பதைப் பார்க்க ஒரு டிராலி: நாகமரை பொதுப் படகுக்கு நன்கொடை வேண்டுகோள்

நாகமரை, சுற்றுவட்டாரத்துப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்று பிழைப்புக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் படகுப் பராமரிப்புக் குழுவின் வணக்கம்.

போன மாசியில் நடந்தது பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் ஆளுக்கொரு கதையாகக் கேட்டிருப்பீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம். எதிர்க்கரைப் பண்ணவாடியிலிருந்து சாயங்கால நடை. இருபத்திரண்டு பேர், மூன்று பைக், நாலு மூட்டை நிலக்கடலை. பாதித் தண்ணி தாண்டியதும் கால் வைத்திருந்த பலகை நடுங்க ஆரம்பித்தது. முதலில் இன்ஜின் கோளாறு என்றுதான் நினைத்தோம். அப்புறம் பின்பக்கத்திலிருந்து ரப்பர் கருகிய வாடை வந்தது. பலகையைத் தூக்கிப் பார்த்தால், படகைத் தள்ளுகிற விசிறியைச் சுற்றவைக்கிற தண்டான ஷாப்ட் வெளியே போகிற கிளாண்ட்டில் (தண்ணி உள்ளே வராமல் கயிறு திணித்த அடைப்பு) சொட்டுச் சொட்டாக விழவேண்டிய தண்ணி, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்துகொண்டிருந்தது. "ஆப் பண்ணுப்பா, ஆப் பண்ணு" என்று ஒரு அக்கா போட்ட சத்தத்தில்தான் படகோட்டிக்கே சுதாரிப்பு வந்தது. பெயிண்ட் டப்பாவில் தண்ணியை இறைத்துக்கொண்டே, மீன்பிடிக்க வந்திருந்த இரண்டு பரிசல்காரர்கள் கயிறு கட்டி இழுக்க, இருட்டின பிறகு கரை சேர்ந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூட்டைதான் நனைந்தது.

மறுநாள் நாற்பது பேர் சேர்ந்து, தைலமரக் கட்டைகளை அடியில் உருட்டிப் படகைக் கரையேற்றினோம். அரை நாள் போனது. அடிப்பலகையில் இரண்டு இடத்தில் கட்டை உரசிப் பெயர்த்துவிட்டது. மேலே வந்ததும்தான் விஷயம் தெரிந்தது. யாரோ விட்ட தங்கூசி (நைலான்) வலை, விசிறிக்கும் ஷாப்ட்டைத் தாங்குகிற ரப்பர் புஷ்ஷுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி இறுகி, சூட்டில் உருகி, அரக்குக் கட்டி மாதிரி உறைந்திருந்தது. கத்தி இறங்கவில்லை, ஹாக்சா பிளேடு வைத்து அறுத்தோம். உள்ளே புஷ் ஒரு பக்கமாகத் தின்றுபோயிருந்தது. விசிறியின் ஒரு இலை நுனி, வாடின வெற்றிலை மாதிரி மடங்கியிருந்தது. அந்த மடிப்பு வலையால் வந்தது இல்லை. எப்போதோ பாறையிலோ பழைய மரக்கட்டையிலோ இடித்தது. எப்போது இடித்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டு வருடமாக அந்த ஷாப்ட்டை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அது குழுவின் தப்புதான், மறைக்கவில்லை. ஆனால் பார்க்கவேண்டும் என்றால் நாற்பது பேரும் அரை நாளும் வேண்டும் என்கிற நிலைமையில், யார்தான் அடிக்கடி பார்ப்பார்கள்? அந்த நிலைமையை மாற்றத்தான் இப்போது கேட்கிறோம்.

நம் தண்ணி சாதாரணத் தண்ணி இல்லை. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது ஊரும் வயலும் கோயிலும் சேர்ந்துதான் முழுகின. அணை 120 அடி நிறைந்திருக்கும்போது கவலை கிடையாது. எதுவும் விசிறிக்கு எட்டாது. ஜூன் 12 வாக்கில் டெல்டாவுக்குத் திறந்துவிட்டு, மேலே மழையும் பொய்த்தால், மட்டம் இறங்க இறங்கப் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும். பார்க்க வெளியூரிலிருந்து காரில் வருவார்கள். நந்தி தெரிகிறது என்றால் தெரியாத சுவர்களும் அடிமரங்களும் படகுக்கு அரை முழம் கீழே நிற்கின்றன என்று படகோட்டிகளுக்கு அர்த்தம்.

அடுத்து, ரிப்பேர் செய்த கதை. விசிறியை இழுத்துக் கழற்றுகிற புல்லர் எங்களிடம் இல்லாததால் சுத்தியலால் தட்டியே எடுத்தோம். ஷாப்ட் மரை நசுங்கியது. மடங்கின இலையை வெளியூரில் ஒரு பட்டறையில் கொடுத்தோம். தட்டி நிமிர்த்தி, நுனியில் பற்றவைத்து, பளபளவென்று பாலீஷ் போட்டுக் கொடுத்தார்கள். மாட்டினால் முன்னைவிட நடுக்கம். பிறகு குழுவில் உள்ள ஒரு லேத் தம்பி, இரண்டு இரும்புப் பட்டையைக் கத்தி முனை மாதிரி நிறுத்தி, விசிறியை ஒரு கம்பியில் கோத்து அதன்மேல் வைத்து உருட்டிக் காட்டினான். எத்தனை தடவை சுற்றிவிட்டாலும் பற்றவைத்த இலைதான் கீழே வந்து நின்றது. கனம் கூடிப்போயிருந்தது. அரத்தால் ராவி ராவிச் சமன் செய்ய இரண்டு நாள். பளபளப்புக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

ஆனாலும் அந்த இரண்டு நாளில் நாங்கள் கற்றுக்கொண்டது நிறைய. சந்தையில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போமே, விசிறி இலையையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இலையாகத் தட்டினால், நல்ல இலை வெண்கலக் கிண்ணம் மாதிரி கணீரென்று இழுத்துப் பேசும். அடியில் விரிசல் விட்ட இலை 'டொப்' என்று அடங்கிவிடும். ஷாப்ட்டின் பின்நுனியைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால், புஷ் தேய்ந்திருந்தால் கடகடவென்று ஆடும். அந்தப் புஷ்ஷுக்கு எண்ணெய் கிடையாது, ஆற்றுத் தண்ணிதான் மசகு. அதனால் படகு தண்ணியைவிட்டுக் கரையேறி நிற்கும்போது இன்ஜினைப் போட்டு, "சும்மா சுத்தட்டும்" என்று ஷாப்ட்டையும் ஓட்டிப் பார்க்கிற பழக்கத்தை இதைப் படிக்கிற படகோட்டிகள் இன்றோடு விட்டுவிடவேண்டும்.

கிளாண்ட் விஷயத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், நாங்களும் செய்தோம். ஒரு சொட்டுக்கூட வராமல் இறுக்கினால் நல்லது என்று நினைப்பு. ஓடும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு விழவேண்டும், நின்றதும் நிற்கவேண்டும். அதற்குமேல் இறுக்கினால் பேக்கிங் கயிறு காய்ந்து, ஷாப்ட்டையே கயிறு அறுத்த கிணற்றுக் கல் மாதிரி வரி வரியாகத் தேய்த்துவிடும். நம் ஷாப்ட்டில் அந்த வரி இருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டும். அதனால்தான் பழைய ஷாப்ட்டைச் சரிசெய்து ஓட்டாமல் புதிதாகவே வாங்கச் சொல்கிறோம்.

இன்னொன்று, கியர்பாக்ஸையும் ஷாப்ட்டையும் இணைக்கிற கப்ளிங். கியர்பாக்ஸ் பக்கத் தட்டும் ஷாப்ட் பக்கத் தட்டும் நேருக்கு நேர் உட்காரவேண்டும். போல்ட்டைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் பில்லர் கேஜ் (சந்து அளக்கிற மெல்லிய தகடு) விட்டுச் சுற்றிலும் பார்த்தால், நாலு அங்குலத் தட்டுக்கு வித்தியாசம் நாலு தவுக்கு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது. ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம். இதைப் படகு கரையில் இருக்கும்போது செய்தால் வீண். தண்ணியில் இறங்கி ஒரு நாள் மிதந்து, பலகை தன் வாக்கில் உட்கார்ந்த பிறகுதான் பார்க்கவேண்டும்.

இனி, கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறோம். கான்கிரீட் சரிவு கட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். குழு வேண்டாம் என்று முடிவெடுத்தது. சித்திரையில் தண்ணி எங்கேயோ கிடக்கும், ஆடி பிறந்து மேலே மழை பெய்தால் வேறெங்கோ வந்து நிற்கும். கட்டின இடத்தில் தண்ணி இருக்கப்போவது வருடத்தில் சில வாரம். அணை நிலத்தில் கட்ட அனுமதிக்கும் அலையவேண்டும். அதற்குப் பதில் நாலு சக்கரம் வைத்த இரும்பு டிராலி ஒன்று செய்தால், தண்ணி எங்கே நிற்கிறதோ அங்கே இறக்கி, படகை மேலே ஏற்றிக் கட்டி, டிராக்டரில் இழுத்துக்கொள்ளலாம். நாலு ஆளும் ஒரு மணி நேரமும் போதும். வருடத்துக்கு இரண்டு முறை, எதிலாவது இடித்தால் அன்றைக்கே, தூக்கிப் பார்த்துவிடலாம்.

டிராலிக்கு 1,35,000 ரூபாய். கனம் தூக்குகிற செயின் பிளாக், கம்பி வடத்துக்கு 28,000. புது ஸ்டெயின்லெஸ் ஷாப்ட் 22,000, ரப்பர் புஷ் இரண்டும் பேக்கிங்கும் 9,000. கைவசம் வைக்க ஒரு விசிறி 38,000. புல்லர், பில்லர் கேஜ், டயல் கேஜ் எல்லாம் சேர்த்து 12,000. ஆக 2,44,000. பயணிகள் சீட்டுக் காசில் ஒதுக்கியதும், ஊரில் முதல் சுற்றில் வந்ததும் 71,500 இருக்கிறது. இன்னும் 1,72,500 வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க மாட்டும் மெக்னீசியக் கட்டியைக் குழு உறுப்பினர் ஒருவர் தன் செலவில் வாங்கித் தருகிறார். கடல் படகுக்குத் துத்தநாகம் மாட்டுவார்கள். நன்னீரில் அது சரியாக வேலை செய்யாது. முதலில் அதைத்தான் வாங்கி ஏமாந்தோம்.

"பாலம்தான் வரப்போகிறதே, எதுக்கு இந்தச் செலவு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறீர்கள். பாலம் வரட்டும், முதல் ஆளாக நடந்து போகிறோம். அதுவரைக்கும் அக்கரைப் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மேச்சேரி, மேட்டூர் என்று சுற்றிப் போகமுடியாதவர்கள் இந்தப் படகில்தான் ஏறவேண்டும்.

நூறு ரூபாயோ ஆயிரமோ, முடிந்ததைக் கொடுங்கள். பணம் கொடுப்பவர்கள் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும் தரவேண்டாம். வரவு செலவைத் துறையில் இருக்கிற டீக்கடைச் சுவரில் மாதாமாதம் ஒட்டுவோம். பழைய விசிறியும் அங்கேதான் தொங்குகிறது, தட்டிப் பார்க்கலாம். பணமாக முடியாதவர்கள், வீட்டில் சும்மா கிடக்கும் டிராக்டர் டிரெய்லர் சக்கரம் ரிம்மோடு இருந்தால் சொல்லியனுப்புங்கள், நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம். நாலு வேண்டும், இரண்டு கிடைத்துவிட்டது.

இப்படிக்கு,
படகுப் பராமரிப்புக் குழுவினர்,
நாகமரை, தருமபுரி மாவட்டம்