முதல் 12 மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் மனைவிக்குக் கர்ப்பத்தில் எடுத்த ரத்த டெஸ்ட் என்று நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அதாவது அவள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதல் காரியம், "இது உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று அவளிடம் கேட்காதே. கேட்டிருந்தால் இனிமேல் கேட்காதே. பெரியவர்களுக்கு இந்தக் கிருமி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகவே போய்விடும். பிறக்கும்போது தொற்றிய பிள்ளைகளுக்குத்தான் பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் அவளுக்கு எங்கே வந்திருக்கும் என்று யோசித்துக்கொள். பிரசவத்தில் அவள் அம்மாவிடமிருந்தோ, விவரம் தெரியாத வயதில் ஏதோ ஒரு ஊசியிலிருந்தோதான் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் இரண்டு பேரும் பிறந்தபோது அரசாங்கத் தடுப்பூசிப் பட்டியலில் இதற்கான ஊசி கிடையாது. 2002 வாக்கில்தான் சில ஊர்களில் சோதனையாகத் தொடங்கினார்கள். இதையும் சேர்த்து ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி நம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2011 டிசம்பரில். கண் மஞ்சளாகவில்லை, சோர்வு இல்லை, எப்படி இருக்க முடியும் என்று நீ கேட்டாயே, பல பேருக்கு அப்படித்தான். ஒன்றுமே தெரியாமல் வருஷக்கணக்கில் இருக்கும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். ஆளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு டெஸ்ட் எழுதினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குத் தைவான்காரர்கள் மேல் பெரிய மரியாதை. அங்கே பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. இந்தக் கிருமியால் வரும் கல்லீரல் புற்றுநோய் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த நாடு. 1984-இல் கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாசிட்டிவ் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு முதலில் ஊசி போட்டார்கள். 1986-இலிருந்து பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும். பத்து வருஷம் கழித்துத் தைபேயில் பிள்ளைகளைச் சோதித்தால், நூற்றுக்குப் பத்துப் பேரிடம் இருந்த கிருமி ஒருவர் சொச்சமாகக் குறைந்திருந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோயே ஏறக்குறைய பாதியாகிவிட்டது. தடுப்பூசி போட்டுப் புற்றுநோயைக் குறைக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டியது அந்தச் சின்னத் தீவுதான்.

இனி நீ செய்ய வேண்டியது. அடுத்த விசிட்டில் டாக்டரிடம் மூன்று டெஸ்ட் கேள்: ஹெச்பிஇஏஜி (கிருமி வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டுவது), வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு), கல்லீரல் டெஸ்ட். முதலாவது பாசிட்டிவாக இருந்து, பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால், பத்தில் ஏழெட்டுப் பிள்ளைக்கு மேலும் தொற்றலாம். நெகட்டிவ் என்றால் அது வெகுவாகக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. வைரல் லோடு இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தால், பிறந்ததும் ஊசி போட்டும் சில பிள்ளைகளுக்குத் தப்பி வந்துவிடுகிறது. அதற்காக 28-ஆவது வார வாக்கில் கிருமியைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தொடங்குவார்கள். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைதான், பயப்படாதே. டாக்டர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

பிள்ளை பிறந்ததும் இரண்டு ஊசி. ஒன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, இன்னொன்று இம்யூனோகுளோபுலின். இரண்டையும் 12 மணி நேரத்துக்குள், வேறு வேறு தொடையில் போட வேண்டும். தடுப்பூசி, பிள்ளையின் உடம்பே எதிர்ப்புச் சக்தியை விளைவித்துக்கொள்வதற்கு. அது விளைய நாளாகும். அதுவரைக்கும் கடன் வாங்கிய நெல் மாதிரி, தயாராக இருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் கொடுப்பது இம்யூனோகுளோபுலின்.

கோளாறு எங்கே வரும் தெரியுமா? டெஸ்ட் எடுப்பார்கள், ரிப்போர்ட் ஃபைலுக்குள் போய்விடும். வலி வருவது ஞாயிற்றுக்கிழமை ராத்திரியாக இருக்கும். டியூட்டியில் இருப்பவர் புதுசு, ஃபைலின் உள்பக்கத்தைப் புரட்ட நேரம் இருக்காது. இம்யூனோகுளோபுலின் விலை கூடின மருந்து, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியது, எல்லா ஆஸ்பத்திரியும் வாங்கி வைப்பதில்லை. ஏஎன் மதர்களை, அதாவது கர்ப்பிணிகளை, நான் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், காலையில் மருந்துக்காக ஓடிக்கொண்டிருந்த தகப்பன்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஏழாம் மாதத்திலேயே நேரில் போய், "இருப்பு இருக்கிறதா, ராத்திரியிலும் கிடைக்குமா" என்று கேட்டு வை. ஃபைலின் முன் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதச் சொல். சங்கடமாக இருக்கும் என்று விட்டுவிடாதே. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டம் என்று 2018-இல் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். அதில் மாத்திரை, இந்த ஊசி எல்லாம் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரி. பாசிட்டிவ் என்றதும் முகத்தைச் சுளிக்கிற இடமாக இருந்தால், இப்போதே வேறு இடம் பார்த்துக்கொள். இதற்காக மட்டும் சிசேரியன் வேண்டும் என்று யாராவது சொன்னால் காரணம் கேள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். பாலில் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைக் கொஞ்சலாம். பிளேடு, பல் தேய்க்கும் பிரஷ் மட்டும் தனித்தனி. ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகளில் ஒன்றும் தவறக்கூடாது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு பிள்ளைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தப்பித்ததா என்று தெரியும். ஊசி போட்டாயிற்றே என்று பல பேர் விட்டுவிடுவது இந்தக் கடைசி டெஸ்ட்டைத்தான்.

உன் சித்தி கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்வாள், எனக்குத் தெரியும். கீழாநெல்லியைச் சும்மா தள்ளிவிடவில்லை. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பர்க்கும், சென்னையில் ஆராய்ச்சியாளர் தியாகராஜனும் சேர்ந்து அதைச் சோதித்து 1988-இல் லான்செட் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். பாதிப் பேருக்கு மேல் கிருமி போனதாக வந்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. கர்ப்பத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம். சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீயும் நாளைக்கே ரத்தம் கொடு. ஹெச்பிஎஸ்ஏஜியும் எதிர்ப்புச் சக்தியும் சேர்த்துப் பார்க்கச் சொல். இரண்டும் இல்லையென்றால் உனக்கு மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். அவளுடைய அம்மாவும் தங்கையும்கூட டெஸ்ட் எடுக்க வேண்டும். அதில்தான் பக்குவம் வேண்டும். சம்பந்தியம்மாவிடம் நான் பேசட்டுமா, இல்லை அவளே பேசுகிறாளா? அவளைக் கேட்டுச் சொல். அவள் சரி என்கிறவரை நான் வாய் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா