பயறு விற்பவனின் மடல்

இணைய முகவரிக் கண்காணிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் கடையின் இணைய முகவரியை மோசடி முகவரிகளின் பட்டியலில் சேர்த்ததும், நான் மூன்று முறை முறையிட்டதும், மூன்று முறையும் ஒரே தானியங்கிப் பதில் வந்ததும் உங்களுக்குத் தெரியும்.

‘பயறு’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் பி, ஏ, ஒய் என்றுதான் தொடங்கும். அதைப் பணம் கட்டும் ‘பே’ என்று படித்துவிட்டது உங்கள் மென்பொருள்.

நாங்கள் விற்பது முளைகட்டிய பயறு. சனிக்கிழமை காலை ஊறப்போட்டு, சாயங்காலம் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஞாயிறு விடியும்போது வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். நீங்கள் முடக்கிய ஞாயிறன்று ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை, போன்தான் வந்தது. “அண்ணே, உங்க பக்கத்தைத் திறந்தா சிவப்பா மோசடின்னு வருதே?” மதியத்துக்குள் பதினெட்டுக் கிலோவும் புளித்து வாடை வந்தது. பக்கத்து வீட்டு மாடுகளுக்கு அன்று விருந்து.

எழுத்து ஒப்பீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘எம்’ வரும் இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிவைத்து, பார்வைக்கு ‘எம்’ போலவே காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், பிடியுங்கள். ஆனால் எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்ற கணக்கு, சோவியத் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் 1965இல் சொன்னது, எழுத்தை எண்ணும், சொல்லை அறியாது. அதன்பின் இன்னொரு சல்லடை வேண்டும். முகவரியைச் சொற்களாகப் பிரித்து, எந்த மொழி என்று பாருங்கள். பயிர், பயணம், பயிற்சி எல்லாமே அந்த மூன்று எழுத்தில்தான் தொடங்குகின்றன. வெறும் அகராதியும் போதாது: பயறைப் பயிறு என்பவர்களும் உண்டு, ‘ழ’வை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தமிழ்ச் சொல் என்றதும் விட்டுவிடவும் வேண்டாம். பெரிய நிறுவனத்தின் பெயரோடு தமிழை ஒட்டித் திருடுகிறவனும் உண்டு. சந்தேகம் வந்தால் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் இருப்பது பயறும் விலையும்தான்.

இப்படியே போனால் எங்கள் தெரு விசாலாட்சி அம்மாள் மெஸ் திறந்தாலும் ‘விசா’ கார்டு மோசடி என்பீர்கள். ஆங்கிலத்தில் அர்த்தம் வராத பெயரெல்லாம் திருட்டுப் பெயரா? உலகத்துக்கே காவல் நிற்கிறவர்கள் வாசலில் ஒரு தமிழ் தெரிந்த ஆளை உட்காரவைக்கக் கூடாதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எங்கள் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுங்கள். இனி முடக்குமுன் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பயறு ஊறப்போட வேண்டும். வெள்ளி இரவுக்குள் ஒரு மனிதரின் பதில் வந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
பயறு கடைக்காரன்